ஆர்ச் லினக்ஸைக் கையால் நிறுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெறும் டிஸ்க்கில் தொடங்கி, ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவ நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது சரியான எழுத்துகளுக்கு ஆர்ச் விக்கியின் நிறுவல் வழிகாட்டியைப் போனிலோ வேறு கணினியிலோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அந்த வழிகாட்டி சொல்லிவிடும். அதை ஏன் செய்கிறோம், செய்யாமல் விட்டால் எங்கே போய் முட்டும் என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

தானாக நிறுவும் வழி இருக்கும்போது ஏன் கையால் செய்ய வேண்டும்?

ஜட் வினே 2002 மார்ச்சில் ஆர்ச்சின் முதல் பதிப்பை வெளியிட்டார். பல ஆண்டுகள் மெனு வைத்த ஒரு நிறுவி அதோடு வந்தது. 2012 ஜூலையில் அதை எடுத்துவிட்டு, சில சிறு கருவிகளை மட்டும் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலிலிருந்து ஆர்ச்இன்ஸ்டால் என்ற நிறுவி மறுபடி ஐஎஸ்ஓ கோப்போடு (பென் டிரைவில் எழுதி பூட் செய்யும் கோப்பு) சேர்ந்து வருகிறது. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் ஒரு தவறும் இல்லை.

ஆனாலும் முதல் தடவை கையால் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஆர்ச்சில் பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் அதைச் சரிசெய்கிற வழியும் நிறுவிய வழியும் ஒன்றேதான். பென் டிரைவிலிருந்து பூட் செய்வது, பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) மவுண்ட் செய்வது, அதாவது ஒரு அடைவோடு இணைப்பது, க்ரூட் என்ற கட்டளை மூலம் டிஸ்க்கில் நிறுவிய ஆர்ச்சுக்குள் போவது. ஒரு தடவை இந்தப் பாதையில் நடந்தவருக்கு நள்ளிரவில் கணினி பூட் ஆகாமல் நின்றாலும் பதற்றம் வராது.

நிறுவி முடித்ததும் என்ன கிடைக்கும்?

கறுப்புத் திரை, அதில் பயனர் பெயர் கேட்கும் ஒரு வரி. அவ்வளவுதான். டெஸ்க்டாப் கிடையாது, உலாவி கிடையாது. பேஸ் என்ற அடிப்படைத் தொகுப்பில் இயங்குதளத்தின் மையமான கர்னல்கூட இல்லை. 2019 அக்டோபரில் பேஸை மாற்றி அமைத்ததிலிருந்து கர்னலை நாமே பெயர் சொல்லித்தான் போட வேண்டும். கண்டெய்னருக்குள் ஆர்ச்சை ஓட்டுபவருக்குக் கர்னல் தேவைப்படாது என்பது ஒரு காரணம். உரைத்திருத்தி, கட்டளைகளுக்கான கையேடு, வைஃபையை இணைக்கும் கருவி எதுவும் பேஸில் வராது.

என் கணினியில் ஓடுமா?

64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லு இருந்தால் ஓடும். 32 பிட் ஆதரவை 2017இலேயே நிறுத்திவிட்டார்கள். நினைவகம் குறைந்தது 512 எம்பி, அடிப்படை நிறுவலுக்கு டிஸ்க்கில் 2 ஜிபிக்கும் குறைவான இடம் என்பது விக்கி தரும் கணக்கு. டெஸ்க்டாப்போடு புழங்க வேண்டுமென்றால் 30 ஜிபியாவது ஒதுக்குங்கள். அதிகாரபூர்வ ஐஎஸ்ஓ செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) ஏற்காது, அதனால் பயாஸ் அமைப்பில் முதலில் அதை அணைக்க வேண்டும். நிறுவிய பிறகு நம் சொந்தச் சாவிகளைப் போட்டு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

பழைய ஐஎஸ்ஓ கைவசம் இருக்கிறது, அது போதாதா?

புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒன்று வருகிறது. பழையதில் இருக்கும் கையொப்பச் சாவிகள் காலாவதியாகியிருந்தால், தொகுப்புகளை இறக்கும்போது ஒவ்வொன்றும் கெட்டுப்போனது என்று பிழை காட்டும். கணினியின் கடிகாரம் தப்பாக இருந்தாலும் இதே பிழை வரும் என்பதால் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறக்கிய கோப்பின் செக்சம்மையும் கையொப்பத்தையும் சரிபார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தவறான டிஸ்க்கை அழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. மொத்த நிறுவலிலும் திரும்பப் பெற முடியாத இடம் இது ஒன்றுதான்.

எல்எஸ்பிஎல்கே என்று தட்டுங்கள். மரம்போல ஒரு பட்டியல் வரும். எஸ்டிஏ என்று ஒன்று, அதன் கிளைகளாக எஸ்டிஏ1, எஸ்டிஏ2; என்விஎம்இ வகை டிஸ்க் இருந்தால் என்விஎம்இ0என்1, அதன் கீழே பி1, பி2 என்று முடியும் பெயர்கள். பெயரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். 476.9ஜி என்று இருந்தால் அது உங்கள் 512 ஜிபி டிஸ்க். எண் குறைகிறதே என்று குழம்ப வேண்டாம், விற்பவர்கள் 1000ஆல் பெருக்குகிறார்கள், இந்தக் கட்டளை 1024ஆல் வகுக்கிறது. 14.5ஜி போல ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் நீங்கள் செருகியிருக்கும் பென் டிரைவ். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவில் இருந்தால், மாடல் பெயரையும் காட்டும்படி அதே கட்டளைக்குச் சொல்லலாம். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், தொடக் கூடாத டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று, டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்க்கில் என்ன மாற்றம் செய்தாலும் டபிள்யூ என்ற எழுத்தைத் தட்டும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. குழப்பமாக இருந்தால் க்யூ தட்டி வெளியே வந்து, முதலிலிருந்து பாருங்கள். சிஎஃப்டிஸ்க் என்ற கருவியும் ஐஎஸ்ஓவில் இருக்கிறது. அம்புக்குறி விசைகளால் நகர்த்தலாம் என்பதால் புதியவர்களுக்கு அது எளிது.

எத்தனை பார்ட்டிஷன் வேண்டும்?

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த முறை) உள்ள கணினி என்றால் இரண்டு போதும். பூட் கோப்புகளுக்கு 1 ஜிபியில் ஃபேட்32 வகையில் ஒன்று, மீதி முழுவதும் ரூட்டுக்கு, அதாவது ஆர்ச் உட்காரும் முதன்மைப் பார்ட்டிஷனுக்கு. ரூட்டுக்கு எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையைப் போடுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் வசதி உண்டு, ஆனால் முதல் நிறுவலிலேயே அதைச் சேர்த்தால் கற்க வேண்டியது இரட்டிப்பாகும். கணினியை ஹைபர்னேட் செய்வீர்கள் என்றால் ஸ்வாப்புக்கு இடம் விடுங்கள். மற்றவர்களுக்கு நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ராம் போதும், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

யுஇஎஃப்ஐயா பழைய பயாஸா என்பதை டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ. புதுக் கணினியாக இருந்தும் அது இல்லையென்றால், பென் டிரைவைப் பழைய முறையில் பூட் செய்திருக்கிறீர்கள். மறுபடி தொடங்கி, பூட் மெனுவில் அதே டிரைவின் யுஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸும் பக்கத்தில் இருக்க வேண்டும். என்ன கவனிக்கணும்?

விண்டோஸ் முதலில், ஆர்ச் பிறகு. அதன் டிஸ்க் இடத்தை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் முழுசாக அணையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனில் எழுதினால் தரவு கெடும். விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைத் தனியே எடுத்து வைத்த பிறகே செக்யூர் பூட்டில் கை வையுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை (பூட் கோப்புகளுக்கான அந்த ஃபேட்32 பார்ட்டிஷன்) எந்தக் காரணத்துக்காகவும் ஃபார்மேட் செய்யக் கூடாது, மவுண்ட் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் பெரும்பாலும் 100 எம்பியில் உருவாக்கியிருக்கும். இரண்டு கர்னல்களை வைத்தாலே மூச்சு முட்டும். அதை பூட் அடைவில் மவுண்ட் செய்வதற்குப் பதிலாக இஎஃப்ஐ என்ற தனி அடைவில் மவுண்ட் செய்து க்ரப் என்ற பூட் லோடரை (கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரல்) பயன்படுத்தினால், கர்னல்கள் ரூட் பார்ட்டிஷனிலேயே தங்கிவிடும். அப்புறம், நேரம் மாறி மாறித் தெரிகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸை யுடிசிக்கு மாற்றுவதே சரியான தீர்வு.

பேக்ஸ்ட்ராப் கட்டளையில் எந்தெந்தத் தொகுப்புகளைக் கொடுக்க வேண்டும்?

தொகுப்புகளை இறக்கி டிஸ்க்கில் நிறுவும் கட்டளை இது. விக்கி வழிகாட்டி அந்த வரியில் பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற மூன்றைக் காட்டும். அதை அப்படியே தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் பத்தியையும் படியுங்கள், அங்கே மற்ற தேவைகளைச் சொல்லியிருப்பார்கள்.

நான் எப்போதும் சேர்ப்பவை: சில்லின் பிழைத்திருத்தங்களுக்கு இன்டெல்-யுகோட் அல்லது ஏஎம்டி-யுகோட், இணையத்துக்கு நெட்வொர்க்மேனேஜர், உரைத்திருத்தியாக நானோ அல்லது விம், நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட சூடோ, கையேடு படிக்க மேன்-டிபி. க்ரப் போடுவதானால் க்ரப்போடு இஎஃப்ஐபூட்எம்ஜிஆரும் வேண்டும். ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் போட்டிருந்தால் அதன் கருவிகளும் சேரும். நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ்-எல்டிஎஸ் கர்னலையும் கூடவே போட்டுவைக்கலாம். புதிய கர்னலில் உங்கள் வைஃபையோ கிராஃபிக்ஸோ வேலை செய்யாமல் போனால், பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையைப் பார்க்கலாம்.

எஃப்எஸ்டேப் கோப்பில் என்ன இருக்கிறது?

எந்தப் பார்ட்டிஷன் எந்த அடைவில் வந்து உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும் கோப்பு அது. ஜென்எஃப்எஸ்டேப் தானாக எழுதித்தரும். ஆனால் எழுதியதை ஒருமுறை திறந்து படிக்காமல் மறுதொடக்கம் செய்யாதீர்கள்.

ஒரு வரியில் ஆறு பகுதிகள் இருக்கும். முதலில் யுயுஐடி என்று தொடங்கும் நீண்ட அடையாளம். இரண்டாவது மவுண்ட் ஆகும் இடம். ரூட்டுக்கு ஒரே ஒரு சாய்கோடு. மூன்றாவது கோப்பு முறைமையின் வகை: எக்ஸ்ட்4 அல்லது விஃபேட் (ஃபேட்32 இங்கே இந்தப் பெயரில் வரும்). நான்காவது ஆர்டபிள்யூ, ரெல்ஏடைம் போன்ற விருப்பங்கள். கடைசியில் இரண்டு எண்கள்: முந்தையது டம்ப் என்ற பழைய காப்புநகல் கருவிக்காக, எப்போதும் 0 என்றே விடலாம், பிந்தையது டிஸ்க்கைச் சோதிக்கும் வரிசை, ரூட்டுக்கு 1, சோதிக்க வேண்டிய மற்றவற்றுக்கு 2.

யுயுஐடி எதற்கு, எஸ்டிஏ2 என்று எழுதினால் ஆகாதா என்பார்கள். அந்தப் பெயர்கள் நிலையானவை இல்லை. இன்னொரு டிஸ்க்கைச் செருகிய அன்று எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிவிடலாம். கட்டளையில் பெரிய யு எழுத்து விருப்பத்தைக் கொடுத்தால்தான் யுயுஐடி வரும். இரண்டு தடவை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை சேர்ந்துவிடும், ஏனென்றால் அது கோப்பின் முடிவில் ஒட்டுகிறது. அப்படி ஆகியிருந்தால் உபரி வரிகளை அழித்துவிடுங்கள்.

ஆர்ச்-க்ரூட் என்ன செய்கிறது?

இதுவரை நீங்கள் வேலை செய்தது பென் டிரைவில் ஓடும் ஆர்ச்சில். ஆர்ச்-க்ரூட் கொடுத்ததும், டிஸ்க்கில் புதிதாக நிறுவியது உங்கள் ரூட் ஆகிவிடும். ஓடும் கர்னலும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் இன்னும் பென் டிரைவினுடையவைதான். அதனால்தான் சேவைகளை இங்கிருந்து ஸ்டார்ட் செய்ய முடியாது, எனேபிள் செய்யலாம். அடுத்த பூட்டில் அவை தாமே எழும்.

உள்ளே போனதும் நேர மண்டலம், மொழி அமைப்பு, கணினிப் பெயர், ரூட் எனும் நிர்வாகப் பயனரின் கடவுச்சொல் என்று வரிசையாகச் செய்யுங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மொழி அமைப்பை உருவாக்கும் லோகேல்-ஜென்னைத் தவிர்க்காதீர்கள், அது இல்லாமல் க்னோம் டெர்மினல் போன்ற சில செயலிகள் திறக்கவே மறுக்கும். தினசரிப் பயன்பாட்டுக்கு ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி வீல் என்ற நிர்வாகிகள் குழுவில் சேர்த்துவிடுங்கள், பிறகு சூடோவின் அமைப்பைத் திருத்தும் விசூடோவில் வீல் வரியின் முன்னாலிருக்கும் ஹேஷ் குறியை நீக்குங்கள். விசூடோ இயல்பாக விஐயைத் தேடும், பேஸில் அது கிடையாது. எடிட்டர் மாறியில் நானோ என்று கொடுத்து ஓட்டினால் திறக்கும்.

க்ரப்பா, சிஸ்டம்டி-பூட்டா?

யுஇஎஃப்ஐ கணினியில் ஆர்ச் மட்டும் இருந்தால் சிஸ்டம்டி-பூட். இரண்டு சிறிய உரைக்கோப்புகள் எழுதினால் முடிந்தது, எது எதற்கென்று பார்த்தவுடன் புரியும். பழைய பயாஸ் கணினிக்கும், நான் மேலே சொன்ன குறுகிய இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் க்ரப்.

க்ரப்பில் இரண்டு படிகள் உண்டு: க்ரப்-இன்ஸ்டால், அப்புறம் க்ரப்-எம்கேகான்ஃபிக். இரண்டாவதை மறந்தால் மெனுவே வராமல், க்ரப் என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் மட்டும் தெரியும். சில மதர்போர்டுகள் புதிய பூட் பதிவை நினைவில் வைத்துக்கொள்ளாது. அவற்றுக்கு ரிமூவபிள் என்ற விருப்பத்தோடு க்ரப்-இன்ஸ்டாலை மறுபடி ஓட்டினால், ஃபர்ம்வேர் இயல்பாகத் தேடும் இடத்திலேயே க்ரப்பை வைத்துவிடும்.

பென் டிரைவில் இணையம் வந்தது, நிறுவிய பிறகு வரவில்லையே?

எனக்கு முதல் தடவை நடந்ததும் இதுதான், அநேகமாக எல்லோருக்கும் நடக்கிறது. ஐஎஸ்ஓவில் வயர் இணைப்பு தானே வேலை செய்யும், வைஃபைக்கு ஐடபிள்யூசிடிஎல் இருக்கும். இவை பென் டிரைவின் ஏற்பாடுகள். டிஸ்க்கில் போய் உட்காராது. நெட்வொர்க்மேனேஜரைப் போட்டு, க்ரூட்டுக்குள்ளேயே சிஸ்டம்சிடிஎல் மூலம் எனேபிள் செய்திருக்க வேண்டும். போட்டுவிட்டு எனேபிள் செய்ய மறந்திருந்தால் இப்போதே செய்யலாம். போடவே இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஏதோ ஒரு படி தவறிவிட்டது. முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பென் டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்யுங்கள். இணையத்தை இணையுங்கள். ரூட் பார்ட்டிஷனை எம்என்டி அடைவில் மவுண்ட் செய்யுங்கள், அதன் மேல் பூட் பார்ட்டிஷனை அதன் இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். ஆர்ச்-க்ரூட் கொடுங்கள். இப்போது நீங்கள் விட்ட இடத்தில் நிற்கிறீர்கள். விடுபட்ட தொகுப்பைப் போடலாம், மறந்த கடவுச்சொல்லை மாற்றலாம், பூட் லோடரை மறுபடி நிறுவலாம். ஃபார்மேட்டும் பேக்ஸ்ட்ராப்பும் மறுபடி தேவையே இல்லை.

ஒரு நண்பர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்டேட் செய்த பிறகு பூட் ஆகும்போது எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகவில்லை, விஃபேட் தெரியாத வகை என்று பிழை. மறுபடி நிறுவுவதற்குத் தரவையெல்லாம் காப்புநகல் எடுத்து வைத்திருந்தார். நடந்தது இதுதான்: ஏதோ காரணத்தால் பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருந்தபோது அப்டேட் ஓடியிருக்கிறது. புதிய கர்னல் ரூட்டில் இருந்த வெற்று பூட் அடைவில் போய் உட்கார்ந்துவிட்டது. கணினி பூட் ஆனது பழைய கர்னலில், ஆனால் பழைய கர்னலின் மாட்யூல்களை (தேவைப்படும்போது கர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகளை) அப்டேட் அழித்துவிட்டது. விஃபேட்டும் ஒரு மாட்யூல்தான், அதனால் பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யவும் வழியில்லை. பென் டிரைவ் போட்டு, இரண்டு பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து, க்ரூட்டுக்குள் கர்னல் தொகுப்பை மட்டும் மறுபடி நிறுவினோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பென் டிரைவை அழிக்காமல் பையில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

தமிழ் தெரியவும் தட்டவும் என்ன செய்ய வேண்டும்?

டெஸ்க்டாப் போட்ட பிறகு நோட்டோ எழுத்துருத் தொகுப்பைப் போடுங்கள், கட்டங்கள் போய் எழுத்துகள் வரும். தட்டுவதற்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5, அதோடு எம்17என் இணைப்பு. அதில் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் உண்டு.

கறுப்புத் திரைக் கன்சோலில் மட்டும் தமிழை எதிர்பார்க்காதீர்கள். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம், கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து வரையும் திறனும் அதற்கு இல்லை. மொழி அமைப்பில் தமிழ் யுடிஎஃப்-8ஐ உருவாக்கி வையுங்கள், டெஸ்க்டாப்பில் தேதிகளும் மெனுக்களும் தமிழில் வருவது மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் கணினி முழுமைக்குமான லேங் மாறியை ஆங்கில யுடிஎஃப்-8ஆகவே விடுங்கள். பிழைச் செய்தியைத் தேடும்போது ஆங்கில வரிக்குத்தான் பதில்கள் கிடைக்கின்றன. தமிழில் பதில்கள் பெருக வேண்டும் என்ற ஆசையும் இந்தப் பக்கத்தை எழுத ஒரு காரணம்.

எப்போது அப்டேட் செய்வது? அப்டேட்டில் உடையும் என்கிறார்களே?

வாரம் ஒருமுறை செய்கிறவருக்குப் பெரிதாக எதுவும் உடைவதில்லை. ஆறு மாதம் விட்டுச் செய்கிறவர்தான் அவதிப்படுகிறார். ஆர்ச்சின் தொகுப்பு நிர்வாகியான பேக்மேனில் எஸ், ஒய், யு மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். யு இல்லாமல் பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு செயலியை நிறுவினால், அது புதிய நிரலகங்களைத் தேடும், உங்களிடம் பழையவை இருக்கும். பாதி அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதே இல்லை.

தொடங்குமுன் ஆர்ச் முகப்புப் பக்கத்தின் செய்திகளைப் பாருங்கள். 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பல தொகுப்புகளாகப் பிரிந்தபோது, பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் கோப்பு மோதலில் நின்றது. பழைய தொகுப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போடும் இரண்டு கட்டளைகளையும் அந்தச் செய்தியிலேயே கொடுத்திருந்தார்கள். படித்தவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்துபோனார்கள்.

ஏயூஆரில் இருப்பதை நம்பலாமா?

ஏயூஆர் என்பது பயனர்கள் தாமே ஏற்றும் நிறுவல் குறிப்புகளின் களஞ்சியம், ஆர்ச் குழு அவற்றைச் சரிபார்த்து வெளியிடுவதில்லை. 2025 ஜூலையில் உலாவிகளின் பெயரை ஒட்டி ஏற்றப்பட்ட சில தொகுப்புகளில் கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் தீநிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. ஆகவே நிறுவுமுன் அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும் பிகேஜிபில்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். மூலக்கோப்புகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன, அது அந்தச் செயலியை உருவாக்கியவர்களின் முகவரிதானா, நிறுவும்போது தனியாக ஓடும் கோப்பு ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலானவை முப்பது நாற்பது வரிகளுக்குள்தான் இருக்கும். முகவரி புரியவில்லையென்றால், அந்தத் தொகுப்பை அன்றைக்கு நிறுவாமல் விட்டுவிடுங்கள்.